போனில் இருப்பவரா, எதிரில் நிற்பவரா?

ஆடித் தள்ளுபடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவு. வெள்ளைத் துணி விரித்த மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். இந்தப் பக்கம் நாற்காலியில் ஓர் அம்மா, பக்கத்தில் அவருடைய மருமகள். அம்மாவின் கையில் செல்போன். வீடியோ காலில் சிங்கப்பூரிலிருந்து மகள்.

"அந்த மயில்கழுத்து கலரை எடும்மா... முந்தியைக் காட்டு... ஐயோ, உன்னைச் சொல்லலடி, நீ பேசு."

எது தனக்குச் சொன்னது, எது போனுக்குச் சொன்னது என்பதை அந்த விற்பனைப் பெண் ஒவ்வொரு முறையும் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேடையில் இருபது முப்பது புடவை குவிந்துவிட்டது. மகளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. "சரி, வேற கடை பாக்குறோம்" என்று அம்மா போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். எதிரில் நின்றவரிடம் ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வைகூட இல்லை. அவர் ஒவ்வொரு புடவையாக எடுத்து, முந்தி மேலே தெரியும்படி, வந்த மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கத் தொடங்கினார். பாதி அடுக்குவதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவர்கள் கையிலும் போன்.

அந்தத் தளத்தில் போன் இல்லாதவர்கள் வேலை பார்ப்பவர்கள் மட்டும்தான். காலையில் உள்ளே வரும்போது செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு, இரவு கடை சாத்தும்போது வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல பெரிய ஜவுளிக்கடைகளில் உண்டு. போனைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் பண்ணக் கூடாது என்பது முதலாளி தரப்பு நியாயம். அந்த நியாயத்தில் தவறில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் விதி, மறுபக்கத்துக்கு விதியே இல்லை என்றால் அதை மரியாதை என்று சொல்ல முடியாது. கடையில் எதிரில் நிற்கும் மனிதருக்குத்தான் முதல் உரிமை, போனில் இருப்பவருக்கு இரண்டாவது இடம். கல்லாவுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் இதுதான் நியாயம். இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

பி.பி. நம்பர் காலம்

எண்பதுகளில் தெருவுக்கு ஒரு போன் இருந்தால் அது பெரும்பாலும் மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவார்கள். போன் வந்தால் கடைப் பையன் ஓடிப்போய் மூன்றாவது வீட்டில் சொல்வான். வீட்டுக்காரர் வந்து சேரும்வரை ரிசீவர் கல்லா மேல் மல்லாந்து கிடக்கும். அதற்குள் கடைக்காரர் நாலு பேருக்குப் பொட்டலம் கட்டியிருப்பார். வந்தவர் முதுகைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசுவார். கடையில் நிற்பவர்கள் காதில் விழாத மாதிரி அரிசியையும் பருப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்தவர் "வர்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். யாரும் எழுதி ஒட்டாத விதிகள் இவை. தெருவே அவற்றைக் கடைப்பிடித்தது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அடுத்த சில ஆண்டுகளுக்குப் போன் பேசுவது பணக்காரச் செலவாகவே இருந்தது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது, வருகிற அழைப்புக்கும் காசு. கடையில் நிற்கும்போது போன் வந்தால் "வெளியில இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்கள். பாதி மரியாதை, பாதி பில் பயம். 2003-இல் வருகிற அழைப்பு இலவசமானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு கூப்பிடுவதற்கும் தனிக் காசு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. மாதக் கட்டணம் கட்டிவிட்டால் நாள் முழுக்கப் பேசலாம்.

பேச்சைச் சுருக்க வைத்திருந்த காசு போய்விட்டது. அதன் இடத்தில் வந்திருக்க வேண்டிய பழக்கம் இன்னும் வரவில்லை. நம் ஊர்க் கடைகளில் 'தயவுசெய்து', 'நன்றி' என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. அதனால் நாம் மரியாதை தெரியாதவர்கள் என்று ஆகிவிடாது. "வாங்கக்கா, பாத்து நாளாச்சு" என்ற வரவேற்பிலும், "பையன் பரீட்சை எழுதிட்டானா?" என்ற விசாரிப்பிலும், கிளம்பும்போது ஒரு தலையசைப்பிலும்தான் நம் மரியாதை முழுவதும் இருந்தது. முகம் பார்த்தால்தான் இவை நடக்கும். போன் முதலில் பறித்தது அந்தப் பார்வையைத்தான்.

வரிசை தாண்டும் குரல்

வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வெயிலில் நடந்து போய் மளிகைக் கடையில் நிற்கிறோம். உளுந்து தராசுத் தட்டில் விழும் நேரத்தில் கடைக்காரரின் போன் அடிக்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து கேட்பவரின் பட்டியலைச் சீட்டில் எழுதத் தொடங்குகிறார். எந்தப் பருப்பு, எத்தனை கிலோ, பழைய பாக்கி எவ்வளவு என்று பேச்சு நீள்கிறது. உளுந்து தட்டிலேயே இருக்கிறது. நேரில் வந்தவர் வரிசையில் நிற்க, போனில் வந்தவர் வரிசையைத் தாண்டிப் போகிறார். கடைக்காரருக்கு இது தவறாகவே தெரிவதில்லை. போன் எடுக்காவிட்டால் அந்த வாடிக்கை ஆன்லைன் கடைக்குப் போய்விடுமே என்ற பயம் அவருக்கு. பயம் நியாயமானதுதான். ஆனால் எதிரில் நிற்பவரும் அதே ஆன்லைன் கடையின் செயலியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

இதற்கு வழி கண்ட கடைகள் இருக்கின்றன. மணி அடித்தால் எடுத்து, "கடையில ஆள் நிக்குறாங்கக்கா, வாட்ஸ்அப்புல எழுதிப் போட்டுருங்க, எடுத்து வச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறார்கள். எழுத்தில் வந்த பட்டியல் பொறுமையாகக் காத்திருக்கும், குரல் காத்திருக்காது. கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் போனுக்கென்றே ஒருவரை உட்கார வைத்துவிடுகிறார்கள். நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. பின்னணியில் டிவி அலற, இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பி, "நான் சொன்னேனே, கேக்கலையா?" என்று கோபிப்பது சரியில்லை. 'துவரம் பருப்பு ஒரு கிலோ, பொன்னி புழுங்கல் ஐந்து கிலோ' என்று வரிசையாக எழுதிப் போட ஒரு நிமிடம் போதும். மாலை ஆறு முதல் எட்டு வரை கடை நெரிசலாக இருக்கும் என்பது நமக்கே தெரியும். அந்த நேரத்தில் விலை விசாரிக்கக் கூப்பிடாமல் இருக்கலாம்.

மருந்துக் கடையில் விஷயம் இன்னும் நுட்பமானது. மருத்துவர் எழுதிய சீட்டைப் படம் பிடித்துக் கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்புகிறோம். அதில் பெயர், வயது, நோய் எல்லாம் இருக்கிறது. பிறகு கூப்பிட்டுக் கேட்கிறோம். கடைக்காரருக்கு இரண்டு கையிலும் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைக்கிறார். "அண்ணே, அந்த மனநல டாக்டர் எழுதுன மாத்திரை வந்துருச்சா?" என்ற கேள்வி கடை முழுக்கக் கேட்கிறது. சானிட்டரி நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் கடைகளிலேயே இது நடக்கிறது. மறைக்கத் தேவையில்லாததை மறைக்கிறோம், மறைக்க வேண்டியதை ஸ்பீக்கரில் விடுகிறோம். "ஸ்பீக்கர்ல இருக்கு, சீட்டு நம்பரை மட்டும் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாத்திரை கொடுத்து முடிந்ததும் அந்தப் படத்தை அழித்துவிடும் பழக்கமும் வேண்டும். கடைப் போன் பல கை மாறும் போன் என்பதை மறக்கக் கூடாது.

'மொபைல் நம்பர் சொல்லுங்க'

பில் கவுண்டரில் பொருளைத் தொடுவதற்கு முன்பே வரும் கேள்வி இது. கேட்பவர் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். நாமும் பழக்க தோஷத்தில் பத்து இலக்கத்தையும் உரக்கச் சொல்கிறோம். பின்னால் வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள். கல்லூரிப் பெண் ஒருவர் தன் எண்ணை இரண்டு முறை, கடைசி நான்கு இலக்கத்தை மூன்றாவது முறை சத்தமாகச் சொல்ல வேண்டிவருவதைப் பல கடைகளில் பார்க்கலாம். இரவு அவருக்கு 'ஹாய்' என்று ஒரு செய்தி வந்தால், யார் என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ரீசார்ஜ் கடைகளில் பெண்கள் கொடுத்த எண்கள், அவர்களுடைய தோற்றத்துக்கு ஏற்ப விலை வைத்து விற்கப்படுவதாக 2017-இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த செய்தி நாட்டையே அதிர வைத்தது. எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லாமலே ரீசார்ஜ் செய்துகொள்ளும் வசதியைப் பெண்களுக்காகத் தொலைபேசி நிறுவனமே கொண்டுவர வேண்டியிருந்தது.

பொருள் வாங்க எண் கொடுத்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. எண் தராதவர்களுக்குப் பில் போட மறுக்கிறார்கள் என்று புகார்கள் குவிந்ததால், எண் கொடுக்கும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அப்படிக் கட்டாயப்படுத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை என்றும் அந்தத் துறை சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஒருவரின் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெற வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிச் சண்டை போடுவது முறை இல்லை. எண் இல்லாமல் அடுத்த திரைக்கே போகாத மென்பொருளை அவருக்குக் கொடுத்தது நிர்வாகம். எத்தனை எண் சேர்த்தாய் என்று மாலையில் கணக்குக் கேட்பதும் நிர்வாகம். "நம்பர் வேண்டாம் தம்பி, பேப்பர் பில் போதும்" என்று அமைதியாகச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் காரியம் நடந்துவிடும். நடக்காவிட்டால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாம். நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சலுகைப் புள்ளிகள் சேர்க்க எண் வேண்டும் என்றால், வாடிக்கையாளரே தட்டும்படி ஒரு சிறு விசைப்பலகையை மேஜைமேல் வைக்கலாம். ஏ.டி.எம். ரகசிய எண்ணை யாரும் உரக்கச் சொல்லச் சொல்வதில்லையே.

யுபிஐ வந்தபோதும் இப்படி ஒரு சங்கடம் இருந்தது. "அனுப்பிட்டேன்" என்று வாடிக்கையாளர் சொல்ல, "வரலையே, காட்டுங்க" என்று கடைக்காரர் போனைப் பிடுங்காத குறையாகக் கை நீட்டுவார். போலித் திரையைக் காட்டி ஏமாற்றியவர்களால் நேர்மையானவர்களும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். வந்த தொகையைத் தமிழிலேயே அறிவிக்கும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டி, இருவருக்கும் இருந்த அவமானத்தைப் பெருமளவு துடைத்துவிட்டது. கேட்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். ஒரு சின்ன ஏற்பாடு இரண்டு பக்கத்தின் மரியாதையையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் கடைத்தெருவில் இல்லை.

கேமராவுக்கு முன்னால் ஒரு முகம்

போன் இப்போது பேசும் கருவி மட்டும் இல்லை. அந்தப் பட்டுப் பிரிவின் வீடியோ காலில் புடவையோடு சேர்ந்து விற்பனைப் பெண்ணின் முகமும் கடல் தாண்டிப் போனது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. உறவினருக்குக் காட்டுவதில் தப்பில்லைதான். "தங்கச்சிக்குக் காட்டணும்மா, வீடியோ போடலாமா?" என்று கேட்டுவிட்டுக் கேமராவைப் புடவைப் பக்கம் திருப்பினால் முடிந்தது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மாற்றித் தரவில்லை, தாமதம் ஆகிறது என்று வாக்குவாதம் வந்தால் வாடிக்கையாளர் உடனே போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார். எதிரில் இருப்பவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், விற்ற பொருளை மாற்றித் தரலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம் இல்லாதவர். முதலாளியின் விதியை அவர் வாய் சொல்கிறது. ஊர் முழுக்கப் பரவுவது அவர் முகம். பொருளில் குறை இருந்தால் பில்லைப் படம் எடுக்கலாம், பொருளைப் படம் எடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே எதிர்த்தரப்பு கடையாகத்தான் இருக்கும், கவுண்டரில் நின்ற பெண்ணாக இருக்காது.

முதலாளிகளும் இதில் குற்றமற்றவர்கள் இல்லை. கடையின் விளம்பர ரீல்ஸில் விற்பனைப் பெண்களை ஆட வைப்பது, புடவை கட்டி நடக்க வைப்பது, வசனம் பேச வைப்பது எல்லாம் இன்று சாதாரணமாகிவிட்டது. விருப்பத்தோடு செய்பவர்கள் இருக்கலாம், மகிழ்ச்சியாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் சூப்பர்வைசர் கேட்கும்போது "மாட்டேன்" என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? அந்த வீடியோக்களுக்குக் கீழே வரும் கருத்துகளைப் போய்ப் படித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி அப்படி ஒருவர் எழுதினால் நாம் தாங்குவோமா? வேலைக்குச் சேரும்போது முகத்தை விளம்பரத்துக்குத் தருகிறேன் என்று யாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில்லை. சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்குத் தனிச் சம்பளம் வேண்டும், வேலையை விட்டுப் போனால் வீடியோவை எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ரீல்ஸ் அநியாயம்.

மறுமுனையில் ஒரு மனிதர்

கடைக்குப் போன் போட்டால் எடுப்பவர் "ஹலோ... சொல்லுங்க" என்கிறார். எந்தக் கடை, யார் பேசுகிறார் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஒரு நிமிஷம்" என்று வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வருவதே இல்லை. தூரத்தில் யாரோ யாரிடமோ விலை பேசுவது கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைப் பெயரையும் தன் பெயரையும் சொல்லி எடுப்பது, தெரியாததைத் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்வது, கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிடுவது என்று கற்றுக்கொடுக்க ஒரு மதியம் போதும். இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். பழுது பார்க்கக் கொடுத்த மிக்ஸிக்காக ஒரு மூத்த குடிமகன் நாலு முறை கூப்பிட்டு நாலு முறையும் "நாளைக்கு" என்ற பதிலைக் கேட்பதைவிட, "உதிரிப் பாகம் வரலை ஐயா, வெள்ளிக்கிழமை நானே கூப்பிடுறேன்" என்ற ஒரு பதில் எவ்வளவோ மேல். வெள்ளிக்கிழமை கூப்பிடவும் வேண்டும்.

கடையிலிருந்து நமக்கு வரும் அழைப்புகள் வேறு ரகம். ஒரு முறை நகை வாங்கினால் அட்சய திருதியை, ஆடிப்பெருக்கு, தீபாவளி, பிறந்த நாள் என்று வருடம் முழுக்கப் போன். நகைச்சீட்டுத் தவணையை நினைவூட்டுவது சேவை; சாப்பாட்டு நேரத்தில் புதுச் சீட்டில் சேரச் சொல்வது தொல்லை. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 எண்ணில் பதிவு செய்துகொள்ள முடியும். அதைச் செய்துவிடுங்கள். ஆனால் அதுவரை கூப்பிடும் பெண்ணிடம் எரிந்து விழ வேண்டாம். ஒரு நாளைக்கு இத்தனை பேரைக் கூப்பிட வேண்டும் என்று இலக்கு வைத்து உட்கார வைக்கப்பட்டவர் அவர். "வேண்டாம்மா, என் நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க" என்பதே போதும்.

பேசிக்கொண்டே பில் போட வருபவரை என்ன செய்வது என்ற கேள்வி உலகம் முழுவதும் இருக்கிறது. 2013 ஜூலையில் லண்டனில் உள்ள கிரேஃபோர்டு என்ற பகுதியில், சைன்ஸ்பரி சூப்பர்மார்க்கெட்டின் பில் கவுண்டர் ஊழியர் ஒருவர், போன் பேச்சை முடித்தால்தான் பில் போடுவேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் புகார் செய்தார், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் செய்தி வெளியானதும் பொதுமக்களில் பெரும்பாலோர் அந்த ஊழியர் பக்கம்தான் நின்றார்கள். நம் ஊரில் அப்படி ஒரு ஊழியர் சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா என்பதைக் கடை முதலாளிகள்தான் சொல்ல வேண்டும். ஊழியர் தன் வாயால் சொல்ல வேண்டிய நிலையே வரக் கூடாது என்றால், கவுண்டருக்கு மேலே நிர்வாகமே ஒரு பலகை மாட்டட்டும்: 'பேசி முடித்துவிட்டு வாருங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கும்.' சில்லறை, பை, கார்டா ரொக்கமா என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காமல் சைகையில் பில் போடும் வேதனை பாதி குறையும்.

போனில் மட்டும் இல்லை, கடையில் நேரில் கூப்பிடும் விதத்திலும் மாற வேண்டியது நிறைய. விரல் சொடுக்கிக் கூப்பிடுவது, தாத்தா வயதுக்காரரை "ஏப்பா" என்பது, ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும் பையன்களின் உச்சரிப்பை அவர்கள் முகத்துக்கு நேராகவே பழித்துச் சிரிப்பது எல்லாம் நம் கண்முன்னே தினமும் நடக்கிறது. மூன்று மாதத்தில் நம் மொழியில் எண்ணவும் விலை சொல்லவும் கற்றுக்கொண்டவரை நாம் பாராட்ட வேண்டாமா?

நாற்காலி வந்தது, போன் வரவில்லை

கடை ஊழியரின் கண்ணியம் என்பதைச் சட்டம் ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் கீழ் திரண்டு, நாள் முழுக்க நிற்க வைக்காதே என்று போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2010-இல் வெளியான வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் ரங்கநாதன் தெருக் கடைத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியிருந்தது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வில் உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. சில கடைகளில் நாற்காலி உண்மையாகவே வந்தது. சில கடைகளில் நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "நீங்க உக்காந்துக்கிட்டே காட்டுங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் அது செல்லும்.

செல்போனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இன்னும் வரவில்லை. விற்பனைத் தளத்தில் போன் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் காலை ஒன்பதரைக்குப் போனை ஒப்படைத்தவருக்கு, மூன்று மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வந்த அழைப்பு இரவு பத்து மணிக்குத் தெரியவருகிறது என்றால் அது கொடுமை. ஊரை விட்டு வந்து கடை விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டோடு இருக்கும் ஒரே கயிறு அந்தப் போன்தான். தளத்துக்கு ஒரு பொது எண் வையுங்கள். அதை ஊழியர் வீட்டாருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அவசரம் என்று போன் வந்தால் காரணம் விசாரிக்காமல் உடனே போய்ச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் போனைக் கையில் கொடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு கடையின் ஒரு நாள் மின் கட்டணம்கூட இருக்காது.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் எளிது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது மேடைக்கு முன் உட்கார்ந்ததும் போனைக் கைப்பைக்குள் போடுங்கள். புடவை காட்டுபவரின் முகத்தைப் பார்த்து என்ன வேண்டும், எவ்வளவுக்குள் வேண்டும் என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அவரிடமே சொல்லிவிட்டு எழுந்திருங்கள். பில் கவுண்டரில் எண் கேட்டால், கொடுக்க விருப்பமில்லை என்று தயங்காமல் சொல்லலாம். அதற்காகப் பில் போட மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள்.